கில்லி சூட்டில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பன்றிமான் (hog deer என்னும் குட்டையான மான்) வேட்டைக்குப் பொதுவாக ஆண்டில் ஒரே ஒரு மாதம்தான் அனுமதி. ஏப்ரல் மாதம். உரிமம் உள்ள ஒருவருக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று, அவ்வளவுதான். சுட்ட மானை 24 மணி நேரத்துக்குள் சோதனை நிலையத்தில் காட்டவும் வேண்டும். அதனால் மார்ச் பிறந்ததுமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். மெல்போர்னில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் எடுத்து முறையாகக் காட்டுக்குப் போகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் பேச்சு தொடங்கும் முன்னாலேயே ஒரு போட்டோ வந்து விழும். புத்தம் புதுக் கில்லி சூட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பின்பக்கப் புல்வெளியில் நிற்கிற படம். "அண்ணா, எப்படி இருக்கு?"

நான் ஆரம்பத்தில் வாங்கிய அதே மாதிரி சூட், அதே தவறுகள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

கேள்விப்படாதவர்களுக்காக ஒரு வரி. வலைத்துணி மேல் சணல் இழையும் துணிக் கீற்றும் கட்டித் தொங்கவிட்ட உடைதான் கில்லி சூட். மனித உருவத்தின் விளிம்பு தெரியாமல் கலைத்துவிடுவது அதன் வேலை. ஸ்காட்லாந்து மலைநாட்டு வேட்டை உதவியாளர்களிடம் இருந்த பழக்கம் இது. 1900-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காகத் திரட்டிய லோவட் ஸ்கவுட்ஸ் படை வழியாக ராணுவத்துக்குள் போனது. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். பறவைப் படம் எடுப்பவர்களுக்கு இதில் உள்ள பாதி விஷயம் பயன்படும்.

அசையக் கூடாது, நம் வாடை மானுக்குப் போகாதபடி காற்று பார்த்து உட்கார வேண்டும், போனை அணைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருட்டு சூட்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கடைகளில் தொங்கும் சூட்களில் பெரும்பாலானவை கரும்பச்சையும் கரும்பழுப்பும் கலந்தவை. இலை அடர்ந்து ஈரமாக இருக்கும் வடக்கு நாட்டுக் காடுகளுக்கு அது சரி. விக்டோரியாவின் கிழக்கில் இருக்கும் கிப்ஸ்லாந்து கடற்கரைப் பக்கம் ஏப்ரல் மாதம் போய்ப் பாருங்கள். காய்ந்து செம்பழுப்பான பிராக்கன் பெரணி, வைக்கோல் நிறப் புல், சாம்பல் பூத்த டீ ட்ரீ புதர், உரிந்து வெளிறிய பேப்பர்பார்க் மரப்பட்டை. பச்சை என்று இருப்பதும் சாம்பல் கலந்த மங்கிய பச்சைதான். அதற்கு நடுவே கரும்பச்சை சூட்டோடு ஒருவர் உட்கார்ந்தால், யாரோ ஒரு கறுப்பு மூட்டையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "மானுக்குத்தான் நிறம் தெரியாதே அண்ணா?" பாதி சரி. மானின் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் இரண்டு வகை. நமக்கு மூன்று. சிவப்பையும் பச்சையையும் மான் நம்மைப் போலப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் எது வெளிச்சம், எது இருட்டு என்பது அதற்கு நன்றாகவே தெரியும். நிறத்தில் ஏமாற்ற வேண்டிய அவசியம் குறைவு என்பதால்தான் வெளிச்ச இருட்டு வித்தியாசம் இவ்வளவு முக்கியமாகிறது. சூட் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பொருத்திப் பார்க்கிறார்கள், அது எவ்வளவு வெளிறியது, எவ்வளவு இருண்டது என்று பார்ப்பதில்லை.

இன்னொன்று. இழையை நெருக்கமாகத் தொங்கவிட்டால் ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைமேல் நிழல் போடும். கையில் எடுத்துப் பார்க்கும்போது இளம்பழுப்பாக இருந்த சணல், சூட்டில் அடர்த்தியாகச் சேர்ந்ததும் இன்னும் இருண்டு தெரியும். அதற்கு மேல் பனி. கடலோரத்தில் ஏப்ரல் விடியற்காலையில் புல்லெல்லாம் நனைந்து கிடக்கும். சணல் தண்ணீரைக் குடித்து மேலும் கறுக்கும். மான் மேய வருகிற நேரமும் அதுவேதான்.

ஒரு ஏப்ரலில் தம்பி ஒருவரோடு போயிருந்தேன். துப்பாக்கி அவரிடம் மட்டும். நான் அவருக்குப் பின்னால் தள்ளி ஒரு மணல் மேட்டில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். சில நூறு டாலர் கொடுத்து வாங்கிய சூட். நல்ல இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார், காற்றும் அவர் முகத்தில் அடித்தது, அவர் அசையவும் இல்லை. பிராக்கனுக்குள்ளிருந்து ஒரு ஆண் பன்றிமான் வெளியே வந்தது. இரண்டடி வைத்தது. தலையைத் தூக்கி நேராக அவர் இருந்த மரத்தடியையே பார்த்தது. அப்புறம் தலையைத் தாழ்த்தி, புதருக்கடியில் நுழைந்து போயே போய்விட்டது. அந்த ஏப்ரலில் அவருக்கு வேறு ஆண் மான் தென்படவில்லை.

காற்று மாறியிருக்கும் என்றார். மாறவில்லை. மேட்டிலிருந்து பைனாகுலர் இல்லாமலேயே அவர் எனக்குத் தெரிந்தார். அவர் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினேன். வெளிறிய பட்டை, வெளிறிய புல், நடுவில் ஒரு கறுப்பு உருவம். பார்த்துவிட்டு அவர் கேட்டது: "இதைவிட நல்ல கம்பெனி சூட் எது அண்ணா?" அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு நூறு டாலர் இதைச் சரிசெய்யாது. ஒரு கத்தரிக்கோல் சரிசெய்யும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடை சூட் என்றால் அதன் இழையில் மூன்றில் ஒரு பங்கையாவது வெட்டி எடுங்கள், பாதி போனாலும் நல்லது. கரும்பச்சையை முதலில் எடுங்கள். ஒரே சீராக எடுக்காமல், சில இடத்தில் கொத்தாக விட்டு, சில இடத்தில் வலை தெரியும்படி வெறுமையாக விடுங்கள். காடு எங்கேயும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. நீங்களே தைப்பதாக இருந்தால் சாயம் போடாத சணலையே பெரும்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பான வைக்கோல் நிறம் இந்த ஊர்ப் புல்லுக்கு அருமையாகப் பொருந்தும்.

மீதி இடத்தை வேட்டை நடக்கும் இடமே நிரப்பட்டும். வலையில் சின்னச் சின்ன எலாஸ்டிக் வளையம் தைத்து வைத்தால், அங்கே விழுந்து கிடக்கும் பிராக்கன் ஓலையையும் பட்டைக் கீற்றையும் செருகிக்கொள்ளலாம். உயிரோடு நிற்கிற செடியை வெட்ட வேண்டாம், விழுந்ததே ஏராளம். கிளம்பும்போது எல்லாவற்றையும் அங்கேயே உதறிவிட்டு வாருங்கள். ஒட்டிக்கொண்ட முள்காயும் களை விதையும் உங்களோடு அடுத்த காட்டுக்குப் பயணம் போகக் கூடாது.

அப்புறம் சோதனை. சூட்டை நண்பரிடம் போடச் சொல்லி, விடியும் நேரத்தில், முப்பது அடி, அறுபது அடி தள்ளி நின்று கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். நின்றபடி எடுக்காதீர்கள். ஆண் பன்றிமானின் தோள் உயரமே ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்தான், அதனால் மண்டியிட்டு எடுங்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உங்களுக்குப் பின்னால் வருவது புல்லாக இருக்காது, பல நேரம் வெளிறிய வானமாக இருக்கும். அதன் பிறகு சூட் மேல் தண்ணீர் தெளித்து இன்னொரு முறை எடுங்கள். நனைந்த படத்திலும் ஆள் தெரியவில்லை என்றால் சூட் தயார்.

முன்பக்கம் முழுக்க இழை

நெஞ்சு, வயிறு, முன்கை, முழங்கால் இங்கெல்லாம் இழை வேண்டாம். தலை, தோள், முதுகு, மேல்கை போதும். உட்கார்ந்து சுடுகிறவருக்கு முழங்கால் மேல் ஒரு வலைத்துண்டைப் போட்டுக்கொண்டால் முன்பக்கம் மறைந்துவிடும்.

முன்பக்க இழை தவழும்போது எல்லாவற்றிலும் மாட்டும். இங்கே பிளாக்பெரி முட்புதர் ஓடைக்கரை எல்லாம் பரவிக் கிடக்கிறது. அதற்குள் ஒரு முறை சிக்கிக்கொண்டால் புதரே ஆடும். துப்பாக்கியின் போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பகுதி) ஒரு இழை போய் மாட்டினால் அது மூடாது. வில் வேட்டைக்காரர்களுக்கு இன்னும் மோசம்: நாண் விடுபடும்போது முன்கை இழையைத் தொட்டால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காயம்பட்ட மான் புதருக்குள் போய் வீணாகச் சாவதற்கு அந்த ஒரு இழை போதும். வில்லுக்காரர்கள் நாண் வரும் பக்கத்தில் நெஞ்சையும் கையையும் மொட்டையாக வைத்து, மேலே ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். வீட்டிலேயே சூட் போட்டுக்கொண்டு அம்பு விட்டுப் பழகுங்கள்.

சலவைத்தூள்

துணியை "வெள்ளை வெளேர்" ஆக்கும் சலவைத்தூளில் இருக்கும் பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி விடும். மானின் கண் நீலத்தை நன்றாகப் பிடிக்கும். விடியலிலும் அந்தியிலும் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். சூட்டுக்கு அடியில் போடும் சட்டைக்கும் இது பொருந்தும். சந்தேகம் இருந்தால் இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: நீலமாக மின்னினால் அந்தத் துணி வேண்டாம். சூட்டை வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

ஈரத்தோடு மடித்து வைப்பது

பூஞ்சை பிடிக்கும், நாறும். நிழலில் தொங்கவிடுங்கள்.

முகமும் கையும்

நம் நிறம் மாநிறம், மறைக்கத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வியர்த்த தோல் எந்த நிறமானாலும் பளபளக்கும். மெல்லிய வலை முகமூடியும் கையுறையும் போடுங்கள்.

நெருப்பு

சணல் எளிதில் பற்றும், பற்றினால் நிற்காது. இழை இழையாகத் தொங்குவதால் காற்று உள்ளே புகுந்து வேகமாக மேலே ஏறும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். ஈராக்கில் கில்லி சூட்டில் தீப்பிடித்து வீரர்கள் இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் தீத்தடுப்பு இழைக்கு மாறுவதில் முனைப்புக் காட்டியது. டீ போட கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முன் சூட்டைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சிகரெட்டும் அப்படியே. தீத்தடுப்புக் கரைசல் தெளித்த சூட் என்று விற்றாலும், சில மழை பார்த்த பிறகு அதை நம்ப வேண்டாம்.

மற்ற வேட்டைக்காரர்கள்

மானிடமிருந்து மறைந்தால் மனிதனிடமிருந்தும் மறைந்துவிடுகிறோம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்தி நேரத்தில் ஒரு பழுப்பு உருவம் புதரோரம் குனிந்து நடந்து போவதை ஒரு முறை பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை நிமிர்ந்த பிறகுதான் மனிதர் என்று தெரிந்தது. வண்டி நிறுத்திய இடத்திலிருந்தே சூட்டைப் போட்டுக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். பைனாகுலருக்குப் பதிலாகத் துப்பாக்கியின் ஸ்கோப்பில் பார்க்கிற அவசரக்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால்?

நடக்கும்போது சூட் பைக்குள் இருக்கட்டும். தலையிலும் உடம்பிலும் பளிச்சென்ற ஆரஞ்சு இருக்கட்டும். நியூ சவுத் வேல்ஸ் அரசுக் காடுகளில் ஆரஞ்சு கட்டாயம். சட்டம் சொல்லாத இடத்திலும் போடுங்கள், மானின் கண்ணுக்கு அது ஆரஞ்சாகத் தெரிவதில்லை. உட்கார்ந்த பிறகு தலைக்கு மேலே மரத்தில் ஒரு ஆரஞ்சுப் பட்டை கட்டுங்கள். முதுகுக்கு உங்கள் தோளைவிட அகலமான மரம் வேண்டும். எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று உடன் வந்தவரிடம் வரைபடத்தில் காட்டிவிட்டுப் போங்கள்.

கடமானுக்கும் இதே சூட்

வேண்டாம். இலங்கைக்காரர்கள் மரை என்று சொல்லும் அதே கடமான்தான். 1860-களில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டு, இன்று கிழக்கு விக்டோரியாவின் மலைக்காடுகள் எங்கும் இருக்கிறது. அதை நடந்து தேடித்தான் வேட்டையாடுகிறோம். செங்குத்தான சரிவில் கில்லி சூட்டோடு ஏறினால் வியர்த்து ஊற்றும். கடமானின் மூக்குக்கு அந்த வாடையே போதும். காலையில் வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே போகும், அந்தியில் குளிர்ந்து கீழே இறங்கும். அங்கே காற்றுதான் எல்லாம். சாதாரண மங்கல் நிற கம்பளிச் சட்டை போதும்.

கடமான் புரள வரும் சேற்றுக்குழி ஓரம் மணிக்கணக்கில் உட்காரப் போகிறீர்கள் என்றால் மட்டும், இழை குறைத்த அந்தச் சூட்டின் மேல்பாதியை எடுத்துப் போங்கள். உட்கார்ந்து, வியர்வை அடங்கின பிறகு மாட்டிக்கொள்ளுங்கள்.