சட்ட நிறுவனங்களின் புலமைப்பரிசில்: அமெரிக்காவில் சட்டம் படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு

செப்டெம்பர் பிறந்தால் எனக்கு இரண்டு மூன்று தொலைபேசி அழைப்புகள் வரும். "அக்கா, லோ ஸ்கூல் தொடங்கிட்டுது. ஸ்கொலர்ஷிப் ஏதும் எடுக்கலாமோ?" அழைப்பது அநேகமாக வீட்டிலேயே முதன்முதலாகச் சட்டம் படிக்கப் போன பிள்ளை. விவரம் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ இருக்கமாட்டார்கள். நானும் அப்படிப் போனவள்தான். அப்பா ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். 2014 இல் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தபோது எனக்கு ஒரு வழக்கறிஞரையும் தெரியாது. இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இந்த விண்ணப்பங்களை வாசிக்கும் குழுவில் இருக்கிறேன். தொலைபேசியில் சொல்வதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

பெயர் புலமைப்பரிசில் என்றாலும் பெரிய நிறுவனங்கள் தருவது முதலில் ஒரு கோடைகால வேலை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உதவித்தொகை என்பார்களே, அந்தப் பணம் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. அமெரிக்காவில் சட்டப் படிப்பு மூன்று வருடம். நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிந்த மாணவர்களைத்தான் கோடை வேலைக்கு எடுக்கும். முதலாண்டு மாணவருக்கு இடம் கிடைப்பது அரிது. அந்த அரிதான இடங்களில் கணிசமானவை இந்தத் திட்டங்கள் வழியாகத் திறக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பரிசுப்பணம் பொதுவாக 10,000 டொலரிலிருந்து 50,000 டொலர் வரை இருக்கும். கோடைச் சம்பளத்தைப் புது வழக்கறிஞரின் ஆண்டுச் சம்பளத்தை வைத்து வாரக் கணக்கில் கொடுப்பார்கள். பெரிய நிறுவனங்களில் அது இப்போது 225,000 டொலர், அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 4,300. பத்து வாரம் வேலை செய்தால் வரிக்கு முன் 43,000 டொலர். நன்றாக வேலை செய்தவரை அடுத்த கோடைக்கும் கூப்பிடுவார்கள், அப்புறம் முழுநேர வேலைக்கும். ஆகவே தொகையை மட்டும் பார்த்து எதற்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யாதீர்கள். 15,000 டொலரும் நல்ல கோடை வேலையும் சேர்ந்து வந்தால், வேலையில்லாத 20,000 டொலரைவிட அது மேல்.

கடன் எடுத்துச் சமாளிக்கலாம் என்று இருந்தவர்களுக்கும் இப்போது வழி குறுகிவிட்டது. 2025 ஜூலை 4 இல் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு கிராட் பிளஸ் கடன் (பட்டமேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த கடன்) கிடையாது. சட்டம் படிப்பவர் மத்திய அரசிடம் வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டொலர்தான் எடுக்கலாம். பல கல்லூரிகளில் கட்டணமும் வாடகையும் சேர்ந்து அந்த வருட எல்லையைத் தாண்டிவிடும்.

சரி, யார் விண்ணப்பிக்கலாம்? இதில்தான் பழைய தகவல் பிள்ளைகளைக் குழப்புகிறது. இந்தத் திட்டங்களில் பல, சட்டத்துறையில் குறைவாக இருக்கும் இனத்தவருக்காக 'டைவர்சிட்டி' (பன்முகத்தன்மை) என்ற பெயரில் தொடங்கியவை. என் காலத்தில் பல படிவங்களில் இனத்தைக் குறிக்க ஒரு பெட்டி இருந்தது. 2023 ஜூன் 29 இல் ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. அந்த ஓகஸ்டிலேயே அமெரிக்கன் அலயன்ஸ் ஃபோர் ஈக்வல் ரைட்ஸ் என்ற அமைப்பு பெர்கின்ஸ் கூயி, மொரிசன் ஃபோர்ஸ்டர் என்ற இரு நிறுவனங்கள் மீது இந்தத் திட்டங்களுக்காகவே வழக்குப் போட்டது. அது கையில் எடுத்தது 1866 ஆம் ஆண்டுச் சட்டம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மக்களும் மற்றவர்களைப் போல ஒப்பந்தம் செய்யலாம் என்று உறுதிசெய்யப் பிறந்த சட்டம் அது. அதைக் கொண்டு இந்தக் கதவை மூடப் பார்த்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. நிறுவனங்கள் திட்டங்களை எல்லா மாணவருக்கும் திறந்துவிட்டன, வழக்குகளும் திரும்பப் பெறப்பட்டன. 2025 மார்ச்சில் வேலைவாய்ப்புச் சம உரிமை ஆணையம் இருபது நிறுவனங்களுக்குக் கேள்விக் கடிதம் அனுப்பியபின் இன்னும் பல திட்டங்கள் பெயர் மாறின, சில நின்றுபோயின.

இதனால் நீங்கள் செய்ய வேண்டியவை மாறுகின்றன. 'டைவர்சிட்டி' என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதி கண்ணில் படாது. ஸ்கொலர்ஸ், ஃபெலோஷிப், ஒப்பர்சுனிட்டி, ஃபர்ஸ்ட் இயர் சமர் என்றெல்லாம் தேடுங்கள். நண்பர்கள் அனுப்பும் பழைய பட்டியலை நம்பாமல் ஒவ்வொரு நிறுவனத்தின் பக்கத்திலும் இந்த வருடத்து விதியை வாசியுங்கள். "நான் தமிழ், எனக்குப் பொருந்துமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இப்போது பெரும்பாலும் எவரும் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரியா, என்ன தடையைத் தாண்டி வந்தீர்கள், சக மனிதருக்கு என்ன செய்தீர்கள் என்பதையே கேட்கிறார்கள். மாணவர் விசாவில் வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு முழுக் கல்வியாண்டு படித்தபின்தான் சிபிடி, அதாவது படிப்போடு சேர்ந்த வேலைப்பயிற்சிக்கான அனுமதி கிடைக்கும். முதல் கோடைக்குள் அது பொதுவாகச் சரியாகிவிடும், ஆனாலும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள்.

நாட்காட்டியும் மாறிவிட்டது. டிசம்பர் 1 வரை நிறுவனங்கள் முதலாண்டு மாணவரோடு பேசக்கூடாது என்று, சட்ட வேலைவாய்ப்பைக் கவனிக்கும் நால்ப் அமைப்பின் வழிகாட்டல் எங்களுக்கு இருந்தது. 2018 இல் அது போய்விட்டது. இப்போது சில விண்ணப்பங்கள் இலையுதிர் காலத்திலேயே திறந்து, முதல் தவணைப் புள்ளிகள் வருமுன்னே இடம் நிரம்பத் தொடங்குகிறது. பரீட்சை டிசம்பரில், அதற்கு முந்தின மூன்று வாரம் நீங்கள் வேறு எதையும் தொடமாட்டீர்கள். ஆகவே ஒரு பக்க ரெஸ்யூமே, பட்டப்படிப்புச் சான்று, பரிந்துரைப்பவர் இருவரின் சம்மதம் எல்லாம் நவம்பர் முதல் வாரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். எழுத்து மாதிரி கேட்டால் பதறவேண்டாம், முதல் தவணையில் சட்ட எழுத்து வகுப்புக்கு எழுதிய மெமோ போதும். ஆசிரியரின் திருத்தங்களைச் சேர்த்தபின் அனுப்புங்கள். படிப்பு இன்னும் தொடங்காதவர்களுக்கு எஸ்இஓ லோ என்ற திட்டம் இருக்கிறது, கல்லூரிக்குப் போகுமுன் வரும் கோடையிலேயே நிறுவனத்தில் இருத்திவிடும்.

பணம் கைக்கு வரும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதில் அடிபட்டேன். எனக்குப் பரிசு இரண்டு பாகமாக என்று கடிதத்தில் இருந்தது: பாதி முதல் கோடை முடிந்ததும், மீதி அடுத்த கோடைக்குத் திரும்பினால். முதல் பாதி வரும் என்று நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். வந்த தொகையைப் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. சம்பளப் பட்டியல் வழியாகக் கொடுத்ததால் வரி பிடித்திருந்தார்கள். அது போதாதென்று, வெளியிலிருந்து பணம் வருகிறது என்று அறிந்த கல்லூரி எனக்குத் தந்த மானியத்தைக் குறைத்தது. இரண்டும் விதிப்படிதான் நடந்தன. கேட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். கேட்கலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பொது விதி இது. பட்டத்துக்காகப் படிப்பவர் கல்லூரிக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் செலவழிக்கும் புலமைப்பரிசிலுக்கு வரி இல்லை. வாடகை, சாப்பாட்டுக்குப் போனால் வரி உண்டு. வேலை செய்வதை நிபந்தனையாக வைத்துக் கொடுத்தால் அது சம்பளம் போலத்தான். வரித் திணைக்களத்தின் 970 ஆம் இலக்க வெளியீட்டில் இது எளிமையாக இருக்கிறது, ஒரு மணிநேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

இடம் கிடைத்ததும், கையெழுத்திடுமுன், நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: பணம் எனக்கு வருமா கல்லூரிக்குப் போகுமா? எந்தத் திகதியில்? வரி பிடிப்பீர்களா? அடுத்த கோடை நான் வேறிடம் போனால் திருப்பித் தர வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இப்படிக் கேட்டதற்காக எவரும் இடத்தைப் பறித்ததை நான் கண்டதில்லை. கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேறொரு கேள்வி: வெளிப்பணம் வந்தால் முதலில் என் கடனைக் குறைப்பீர்களா, மானியத்தைக் குறைப்பீர்களா? கடனைக் குறைக்கும்படி கேட்டுப் பார்க்கலாம். நான் இரண்டாம் வருடம் கேட்டேன், செய்தார்கள்.

நேர்முகம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதற்சுற்று இருபது முப்பது நிமிடம். ரெஸ்யூமேயில் உள்ள எந்த வரியைத் தொட்டாலும் இரண்டு நிமிடம் பேசத் தெரிய வேண்டும். "ஏன் இந்த நகரம்?" என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு உண்மையான பதில் வைத்திருங்கள். தென்னாசிய வழக்கறிஞர் சங்கம் உங்கள் நகரில் இருந்தால் சேர்ந்துவிடுங்கள், ஒத்திகைக்கு ஒரு மூத்தவரைக் கேட்டால் நேரம் ஒதுக்குவார்.

கட்டுரையைக் கடைசிக்கு விட்டிருக்கிறேன். அதற்குத்தான் அதிக நாள் வேண்டும். 500 சொல் என்பார்கள். வாசிக்கும் மேசையில் இருந்து சொல்கிறேன், பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கும்: அகதிப் பெற்றோரின் பிள்ளை நான், கடின உழைப்பின் அருமை அறிந்தவள், பன்முகத்தன்மையை மதிக்கிறேன். எல்லாம் உண்மையாக இருக்கும். ஆனால் எழுதியவரை அதில் காணமுடியாது. ஹார்வர்ட் தீர்ப்பிலேயே தலைமை நீதியரசர் ரொபர்ட்ஸ், இனம் தன் வாழ்வை எப்படித் தொட்டது என்று ஒருவர் எழுதுவதைக் கவனிக்கத் தடையில்லை என்றும், அது அவருடைய குணத்தோடோ திறமையோடோ இணைந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். பல்கலைக்கழகங்களைப் பற்றிய வரி அது. ஆனால் நல்ல கட்டுரைக்கும் அதுதான் அளவு: உங்களுக்கு என்ன நேர்ந்தது, அதனால் உங்களுக்கு எது செய்ய வந்தது.

என் முதல் வரைவும் "ஈழத்து அகதியின் மகளாக" என்றுதான் தொடங்கியது. சட்ட எழுத்து வகுப்பு ஆசிரியை வாசித்துவிட்டு, "இதில் ஒரு நாளைக் காட்டு" என்றார். இரண்டு நாள் யோசித்து இதை எழுதினேன். வீட்டில் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. ஒரு நாள் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம். தலைப்பு 'நோட்டீஸ் டு அப்பியர்'. அப்பா வேலைச் சட்டையோடு சமையலறை மேசையில் இருந்தார். "என்ன எழுதியிருக்கெண்டு சொல்லு பிள்ளை" என்றார். 'அப்பியர்' என்றால் பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்குத் தெரியும். "நீங்கள் தோன்ற வேணுமாம் அப்பா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கை?" என்று கேட்டார். விசாரணை நாளன்று ஒன்பது மணி வழக்குக்கு ஐந்து மணிப் படகில் ஏறி மன்ஹாட்டனுக்குப் போனோம். நீதிமன்றத்தில் 'தோன்றுவது' என்றால் முன்னிலையாவது என்று 26 ஃபெடரல் பிளாசாவின் நடைபாதையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். ஒரு சொல்லை அறியாததால் ஒரு மனிதர் எவ்வளவு பயப்படலாம் என்று அன்று கண்டேன். பட்டப்படிப்புக் காலத்தில் நான்கு வருடம் சனிக்கிழமைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் இருந்து மற்றவர்களின் கடிதங்களை மொழிபெயர்த்தேன் என்ற வரி அதற்குப் பின்னால் வந்தபோது, தானாகப் பொருந்தியது.

உங்களுக்கு நீதிமன்றமோ போரோ இருக்க வேண்டியதில்லை. நான் வாசித்ததில் மறக்காத கட்டுரைகளில் ஒன்று, திக்குவாயோடு விவாதக் குழுவில் சேர்ந்த மாணவர் எழுதியது. மற்றவரின் துயரத்தைக் கடன் வாங்காதீர்கள், நடந்ததைப் பெருப்பிக்காதீர்கள். நேர்முகத்தில் அதைப் பற்றியே கேட்பார்கள்.

இன்னொன்று. கட்டுரையில் வரும் ஆளுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். நான் அனுப்புவதற்கு முதல் நாள் இரவு அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பழுப்பு நிற உறை, எனக்கு அப்போது பதினொரு வயது என்று எழுதியிருந்தேன். "வெள்ளை உறை, பிள்ளை" என்றார். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பன்னிரண்டு வருடமாக வைத்திருந்திருக்கிறார். கடிதத்தின் திகதியைப் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது. இரண்டையும் திருத்திவிட்டு அனுப்பினேன்.