சூழலியல் நூல்கள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழலியலில் முதலில் எதை வாசிக்கலாம் என்று யாரைக் கேட்டாலும் 'மௌன வசந்தம்' என்பார்கள். சரியான பதில்தான். பூச்சிக்கொல்லிகளின் கேடுகளைப் பற்றி 1962இல் ரேச்சல் கார்சன் எழுதியது. அது கிளப்பிய விவாதம் பத்தாண்டுகள் ஓடி, 1972இல் அமெரிக்கா வயல்களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதற்குத் தடை போட்டது.

ஆனால் அதை அரைகுறையாக வாசிப்பவர்கள்தான் அதிகம். முதல் அத்தியாயத்தில் பறவைச் சத்தமே அடங்கிப்போன ஓர் ஊர் வரும். அதை நடந்த கதையாகவே மேடையில் சொல்பவர்கள் உண்டு. அப்படி ஓர் ஊர் கிடையாது, அங்கே வரும் கேடுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடங்களில் நடந்தவை என்று அந்த அத்தியாயத்தின் முடிவில் கார்சனே சொல்லிவிடுகிறார். பூச்சிக்கொல்லியே கூடாது என்றும் அவர் எழுதவில்லை. பின்விளைவு தெரியாதவர்கள் கையில் அந்த நஞ்சுகளைக் கணக்கில்லாமல் கொடுப்பதைத்தான் எதிர்த்தார். அவரைத் திட்டுபவர்களும் சரி, கொண்டாடுபவர்களும் சரி, அந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள். அப்புறம், இன்றைய பூச்சிமருந்துகள் பற்றிய கேள்விகளுக்கான விடையை அதில் தேடவும் கூடாது. தேனீக்கள் பற்றிய பேச்சில் அடிபடும் நியோநிகோட்டினாய்டு வகை மருந்துகள் கார்சன் காலத்தில் இல்லவே இல்லை.

இதைவிடச் செலவு வைக்கும் தவறு, ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைச் செய்முறைக் கையேடாக எடுத்துக்கொள்வது. உழவில்லை, ரசாயன உரமில்லை என்றதும் ஆசை வந்துவிடுகிறது. அவர் நிலம் ஜப்பானின் ஷிகோகு தீவில் இருந்தது. நெல்லுக்குப் பின் குளிர்காலத்தில் பார்லி, இடையே வெள்ளை குளோவர் என்ற மூடுபயிர் என்று அந்தப் பருவத்துக்கு ஏற்ப அமைந்த முறை அது. தஞ்சாவூரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? அவர் சொல்லும் 'ஒன்றும் செய்யாத வேளாண்மை' என்றால் சும்மா விட்டுவிடுவதும் அல்ல. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து பழக்கிய அப்பாவின் ஆரஞ்சு மரங்களைத் தொடக்கத்தில் அப்படியே விட்டுப் பார்த்தார். கிளைகள் பின்னிக்கொண்டு, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போயின. இயற்கை வேளாண்மை வேறு, கைவிடுவது வேறு என்று அதன்பிறகுதான் பிரித்துப் பேசுகிறார். எதையும் தொடங்குமுன் அந்தப் பகுதியை வாசித்துவிடுவது நல்லது.

மக்கள்தொகையும் உற்பத்தியும் பெருகிக்கொண்டே போனால் பூமி தாங்குமா என்று கேட்டு 1972இல் வந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' நூலை ஜோசியம் என்று எண்ணிக் கேலி செய்பவர்கள், அதில் இருப்பவை கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்த பல 'இப்படி நடந்தால்'கள் என்பதைக் கவனிப்பதில்லை.

நாவல்களைப் பட்டியலிலேயே சேர்க்காத பழக்கமும் இருக்கிறது. போர்னியோ மழைக்காடு எப்படி வெட்டி அழிக்கப்படுகிறது என்பதை நக்கீரனின் 'காடோடி' அளவுக்கு எந்தப் புள்ளிவிவரமும் உறைக்க வைக்காது என்பது என் கணிப்பு.

மொழிபெயர்ப்புகளோடு நின்றுவிட வேண்டாம். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். எல்லாமே சின்னச் சின்னக் கட்டுரைகள். பஸ்ஸில் போகும்போதே ஒன்றிரண்டை முடித்துவிடலாம்.