சிலே ரெயேனோ: முட்டை நுரை கழலாமல் பொரிப்பது எப்படி?

மெக்சிகன் உணவகத்துக்குப் போனால் டாக்கோவோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு முறை சிலே ரெயேனோ கேட்டுப் பாருங்கள். பொப்லானோ என்கிற பெரிய கரும்பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, உள்ளே அடைத்து, முட்டை நுரையில் தோய்த்துப் பொரித்து, நீர்க்க இருக்கும் தக்காளிச் சாற்றில் வைத்துத் தருவார்கள். கேசோ என்றால் சீஸ் அடைத்தது, பிக்காதியோ என்றால் கொத்துக்கறி. முதல் தடவைக்கு கேசோதான் என் சிபாரிசு. ஆகஸ்ட், செப்டம்பரில் மெக்சிகோவின் புவெப்லா பக்கம் இருந்தால் வால்நட் சாஸும் மாதுளை முத்துகளும் போட்ட சிலேஸ் என் நொகாதாவையும் விடாதீர்கள்.

இனி வீட்டில் செய்வது. 6 பொப்லானோவுக்கு 4 முட்டை, கொஞ்சம் மைதா, வஹாகா என்கிற உருகும் மெக்சிகன் சீஸ் போதும். வஹாகா இல்லையென்றால் மொசரெல்லா.

மிளகாயை நேராக கேஸ் தீயிலேயே சுடுங்கள். ஓவனில் வைத்தால் தோல் கருகுவதற்குள் சதை வெந்து துவண்டுவிடும். எல்லாப் பக்கமும் கருத்ததும் பாத்திரத்தில் போட்டு 15 நிமிடம் மூடி வையுங்கள். அப்புறம் விரலால் தேய்த்தாலே தோல் வந்துவிடும். தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள், சுட்ட மணம் முழுக்கப் போய்விடும். அங்கங்கே ஒட்டியிருக்கும் தோல் இருந்துவிட்டுப் போகட்டும்.

காம்பை விட்டுவிட்டு, நீளவாக்கில் கீறி விதையையும் உள் நரம்பையும் எடுக்கவும். இதற்குக் கத்தியைவிடச் சின்னக் கத்தரிக்கோல் நல்லது, மிளகாய் கிழியாது. காரம் அந்த நரம்பில்தான் இருக்கிறது. பொப்லானோ பொதுவாக ஹாலப்பீனோ மிளகாயைவிடச் சாதுதான், ஆனாலும் கூட்டத்தில் ஒன்று சுள்ளென்று இருக்கும். சீஸைக் கீறலின் இரு ஓரமும் சேரும் அளவுக்கே அடைத்து, பல்குச்சியால் குத்தி மூடுங்கள்.

பலருக்கும் வேலை கெடுவது அடுத்த கட்டத்தில்தான். எண்ணெயில் போட்டதும் நுரை தனியாகவும் மிளகாய் தனியாகவும் பிரிந்துவிடும். காரணம் ஈரம். சுட்ட மிளகாய் வியர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் தாளால் நன்றாக ஒற்றியெடுத்து, மைதாவில் புரட்டி, அதிகப்படியானதைத் தட்டிவிடுங்கள். நுரை பிடித்துக்கொள்வது அந்த மைதாவைத்தான்.

முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாகப் பிரித்து நுரைக்க அடியுங்கள். அதில் மஞ்சள்கரு ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் சரியாக நுரைக்காது. பாத்திரத்தைக் கவிழ்த்தால் நுரை நழுவாமல் நிற்க வேண்டும். கையால் அடித்தால் தோள் வலிதான் மிச்சம், எலெக்ட்ரிக் பீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உப்பையும் மஞ்சள்கருவையும் சேர்த்து, மெதுவாக ஒரு சுற்று. பஜ்ஜி மாவு மாதிரி கரைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது, சில நிமிடங்களில் அடியில் நீர் விடும். எண்ணெய் காய்ந்த பிறகே நுரை அடிக்கத் தொடங்குங்கள்.

கனமான இரும்பு வாணலியில் 2 செ.மீ. உயரத்துக்கு எண்ணெய், சூடு 180 டிகிரி. காம்பைப் பிடித்துத் தோய்த்து மெல்லப் படுக்க வையுங்கள். உடனே கரண்டியால் சூடான எண்ணெயை மேலே அள்ளி ஊற்றினால் கீறல் பக்கம் மூடிக்கொள்ளும். பொன்னிறமானதும் திருப்புங்கள். தக்காளி, வெங்காயம், பூண்டு அரைத்து வதக்கி, கோழிச் சாறு விட்டு நீர்க்கக் கொதிக்கவைத்த குழம்பைத் தட்டில் ஊற்றி, அதன்மேல் மிளகாயை வையுங்கள்.

பின்சேர்க்கை: பொப்லானோ கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். குடைமிளகாய் இனிக்கும், எனக்கு ஒத்துவரவில்லை. பெரிய பஜ்ஜி மிளகாய் பரவாயில்லை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலும் நீள மிளகாயில்தான் செய்கிறார்கள். சதை மெல்லிசு என்பதால் கொப்புளித்ததும் தீயிலிருந்து எடுத்துவிடுங்கள். பனீர் உருகாது, அதை இதில் போட வேண்டாம்.