பழைய அமெரிக்க டிவி ஸ்பெஷல் கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

1978 நவம்பர் 17 இரவு சி.பி.எஸ். நெட்வொர்க் 'ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷல்' என்ற இரண்டு மணி நேர நிகழ்ச்சியைப் போட்டது. அமெரிக்காவில் அது மறு ஒளிபரப்பு ஆகவே இல்லை. முழு நிகழ்ச்சி கேசட்டாகவோ டிஸ்க்காகவோ முறைப்படி விற்பனைக்கு வரவும் இல்லை. இருந்தும் இன்றைக்கு அதைப் பார்க்க முடிகிறது என்றால், அன்றிரவு சில வீடுகளில் யாரோ ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதுதான் காரணம்.

அந்த மாதிரி ஒரு வி.எச்.எஸ். கேசட் உங்கள் கையில் இருந்தால், அதைக் கெடுக்காமல் கணினிக்குக் கொண்டுவரும் வழி இது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கலர் போனால் சரிசெய்துகொள்ளலாம். அசைவு போனால் நிகழ்ச்சியே போன மாதிரி. ஏன் என்பது ஐந்தாம் படியில்.

தேவையானவை

என்.டி.எஸ்.சி. (அமெரிக்க டிவி முறை) ஓட்டும் விசிஆர் (எஸ்-வி.எச்.எஸ். என்ற உயர்தர ரகம் கிடைத்தால் விடாதீர்கள்), விசிஆரின் படத்தைக் கணினிக்குள் வாங்கும், எஸ்-வீடியோ உள்ளீடு கொண்ட கேப்சர் கார்டு, குறைந்தது 200 ஜிபி காலியிடம் உள்ள ஹார்ட் டிஸ்க், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத ஷாமி துணி. மென்பொருளில் விர்ச்சுவல்டப் (பதிவு செய்ய), ஹஃப்ஒய்யுவி கோடெக் (தரம் குறையாமல் வீடியோவைச் சுருக்க), ஹேண்ட்பிரேக் (கடைசிக் கோப்பாக மாற்ற). மூன்றும் இலவசம்.

படி 1: கேசட்டைப் பாருங்கள்

மூடியைத் தூக்கி டேப்பின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் பூஞ்சை. சென்னை போன்ற கடலோர ஈரத்தில் இது சாதாரணம். பூஞ்சை பிடித்த கேசட்டை விசிஆருக்குள் விடவே கூடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தாவும்.

முதுகுப் பக்கம் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ் இன்னும் உடைக்கப்படாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் எதுவும் அழியாது. ஏசி அறையில் இருந்த கேசட் என்றால் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். பிறகு ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த டேப்பின் இறுக்கம் அப்போதுதான் சீராகும்.

படி 2: சரியான விசிஆர்

அமெரிக்க ஒளிபரப்பு என்.டி.எஸ்.சி. முறை: 525 கோடுகள், வினாடிக்கு 59.94 புலங்கள். நம் ஊரில் பால் சிஸ்டம்: 625 கோடுகள், வினாடிக்கு 50 புலங்கள். (புலம் என்பது அரைப் படம். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு புலம், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த புலம்.)

இந்தியாவில் விற்ற பல பால் விசிஆர்களில் அமெரிக்க கேசட் ஓடத்தான் செய்யும், டிவியில் படமும் வரும். அதை நம்பிக் கேப்சர் கார்டில் சொருகினால் படம் கறுப்பு வெள்ளையாக நிற்கும், அல்லது உருளும். அந்த விசிஆர் வெளியே விடுவது இரண்டும் கலந்த 'பால்-60': கோடுகளின் கணக்கு அமெரிக்கக் கணக்கு, கலர் மட்டும் பால் முறை. கார்டின் செட்டிங்கில் பால்-60 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், அசல் என்.டி.எஸ்.சி. சிக்னலை அப்படியே வெளியே தரும் மல்டி சிஸ்டம் விசிஆர் தேட வேண்டியதுதான்.

அமெரிக்காவிலிருந்தே வந்த விசிஆர் என்றால் அது 120 வோல்ட். நேரே 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். 100 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

ஹெட்டைத் துடைக்கும்போது காது குடையும் பட்ஸ் வேண்டாம். அதன் நூல் ஹெட்டின் நுனியில் மாட்டி, நுனியையே பெயர்த்துவிடும். ஆல்கஹாலில் நனைத்த ஷாமி துணியை டிரம் (ஹெட் பொருத்திய உருளை) மீது அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது.

படி 3: இணைப்பு

எஸ்-வீடியோ இருந்தால் அதுவே; இல்லையென்றால் மஞ்சள் ஆர்சிஏ கேபிள். செங்குத்தான கோடுகள் (மேடைத் திரை, மைக் ஸ்டாண்டு) பாம்பு மாதிரி நெளிந்தால் டிபிசி, அதாவது கோடுகளை நேரத்துக்கு நிறுத்தும் கருவி வேண்டும். நல்ல எஸ்-வி.எச்.எஸ். விசிஆர்கள் சிலவற்றில் உள்ளேயே இருக்கும். தனியாக வாங்க விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் பானசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10 அல்லது ஈஎஸ்15 டிவிடி ரெக்கார்டரை விசிஆருக்கும் கார்டுக்கும் நடுவில் வைத்து, சிக்னலை அதன் வழியாகக் கடத்துவார்கள். நெளிவு நன்றாகவே அடங்கும்.

ஒலிக்கு: வி.எச்.எஸ். ஹை-ஃபை என்ற உயர்தர ஒலிப்பதிவு வந்தது 1984இல். அதற்கு முந்திய பதிவு எல்லாமே டேப்பின் ஓரத்தில் ஓடும் சாதாரண டிராக். விசிஆர் தானாக ஹை-ஃபை தேடித் தடுமாறி 'கர்' என்று சத்தம் போட்டால், ஆடியோவை 'நார்மல்' என்று மாற்றுங்கள்.

படி 4: கேப்சர்

விர்ச்சுவல்டப்பில் கேப்சர் பகுதிக்குப் போய் இப்படி வையுங்கள்: அளவு 720×480, வினாடிக்கு 29.97 ஃபிரேம், கலர் ஒய்யுஒய்2, கோடெக் ஹஃப்ஒய்யுவி, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட். மணிக்கு 35 ஜிபி வாக்கில் பிடிக்கும். நேரே எம்பி4 ஆக்கும் குறுக்கு வழி வேண்டாம். டேப்பின் இரைச்சலைச் சுருக்கவே அந்த கோடெக்கின் சக்தி போய்விடும், முகங்கள் கட்டம் கட்டமாக உடையும்.

தொடங்குமுன் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை காட்டும் வரைபடத்தை) பாருங்கள். கறுப்பு 16க்குக் கீழே போகக் கூடாது, வெள்ளை 235ஐத் தாண்டக் கூடாது. பாட்டும் ஆட்டமும் கலந்த வெரைட்டி ஷோக்களில் பாடகரின் மினுக்கு உடையும் ஸ்பாட்லைட்டும்தான் வெள்ளையை எகிற வைப்பவை. அந்த இடத்தை ஓட்டிப் பார்த்து பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் நிறுத்துங்கள்.

ஓடும்போது 'டிராப்டு' எண்ணிக்கையில் ஒரு கண் இருக்கட்டும். ஃபிரேம் விழுந்தால் பாட்டு ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமுமாகப் போகும். மறுபடி ஓட்டும்போது அதே இடத்தில் விழுந்தால் குற்றம் டேப்பில். டிராக்கிங்கைக் கையால் சரிசெய்யுங்கள். இடம் மாறி மாறி விழுந்தால் கணினியில். ஆன்டிவைரஸையும் பிரவுசரையும் மூடுங்கள்.

படி 5: அசைவு

ஸ்டுடியோ வீடியோ கேமரா வினாடிக்கு 60 தடவை (சரியாக 59.94) மேடையைப் பார்க்கிறது. 'இப்போது, இங்கே நடக்கிறது' என்ற அந்த நேரடி ஒளிபரப்பு உணர்வு அதில்தான் இருக்கிறது. சாதாரண மென்பொருள் இரண்டு புலங்களைச் சேர்த்து 30 ஃபிரேம் ஆக்கிவிடும். நடனக்காரரின் கால்வீச்சு பாதி காணாமல் போகும். சினிமா மாதிரி இருக்கிறதே என்று அதைப் பாராட்டுகிறவர்களும் உண்டு. அன்று டிவியில் வந்தது அப்படி இல்லை.

ஆனால் கேசட்டில் இருப்பது வீடியோதானா என்று முதலில் தெரிய வேண்டும். ஆம்பெக்ஸ் வீடியோ டேப் கருவி அறிமுகமானது 1956 ஏப்ரலில். 1948இல் தொடங்கிய எட் சல்லிவன் ஷோ போன்றவற்றின் தொடக்க ஆண்டுகளில், டிவி திரைக்கு முன் ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடித்துத்தான் காப்பி எடுத்தார்கள். அதன் பெயர் கினெஸ்கோப். வினாடிக்கு 24 ஃபிரேம்தான். ஓரங்கள் வளைந்து, வெள்ளை பூத்து, தூசி தெறித்தாற்போல் இருக்கும்.

கண்டுபிடிக்க, ஒருவர் கையசைக்கும் காட்சியில் ஐந்து ஃபிரேமை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். ஐந்திலும் கையின் விளிம்பு சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் வீடியோ. மூன்று சுத்தம், இரண்டு சீப்பு என்று மாறி மாறி வந்தால் ஃபிலிம் அல்லது கினெஸ்கோப். அதற்கு இன்வர்ஸ் டெலிசினி (டிவிக்காகச் சேர்த்த கூடுதல் புலங்களை நீக்குவது) செய்து 24 ஃபிரேமுக்குத் திருப்ப வேண்டும். ஹாலிடே ஸ்பெஷல் மாதிரி ஸ்டுடியோ வீடியோ, படக் காட்சி, கார்ட்டூன் எல்லாம் கலந்து வந்தால் முழுவதையும் 59.94இல் வைப்பதே பத்திரம்.

ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் இன்டர்லேஸ் டிடெக்ஷனை அணையுங்கள். டிஇன்டர்லேஸ் (புலங்களை முழு ஃபிரேம்களாக்குவது) இடத்தில் 'பிடபிள்யுடிஃப்', பிரீசெட் 'பாப்'. ஃபிரேம்ரேட் 59.94, கான்ஸ்டன்ட். இந்தக் கடைசி ஒன்றை மறந்து 29.97 என்று விட்டால் செய்ததெல்லாம் வீண், பாதி ஃபிரேம் வெளியே போய்விடும்.

ஓட்டிப் பார்க்கும்போது கை முன்னே போய்ப் பின்னே வந்து துடித்தால் புல வரிசை தலைகீழ். பெரும்பாலான கேப்சர் கார்டுகளில் மேல் புலம் முதலில், டிஜிட்டல் வீடியோ (DV) கேம்கார்டர் வழியாக ஏற்றினால் கீழ்ப் புலம் முதலில். சோதிக்க அருமையான இடம், அன்றைய சி.பி.எஸ். சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு முன்னால் 'ஸ்பெஷல்' என்ற சொல் பல வண்ணத்தில் சுழன்று வரும் அந்தச் சில வினாடிகள். வரிசை தப்பினால் எழுத்து நடுங்குவது உடனே தெரியும்.

படி 6: வடிவம்

720×480 என்பது சதுரப் புள்ளி அல்ல. விகிதத்தை 4:3 என்று கொடுங்கள். 16:9க்கு இழுத்தால் பாடகர் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். அடியில் ஏழெட்டுக் கோடு உயரத்துக்குக் கிழிந்த மாதிரி தெரிவது விசிஆரில் ஹெட் மாறும் இடம், அது இயல்பு. அதை வெட்டாமல் கறுப்பால் மூடுங்கள், விகிதம் குலையாது.

படி 7: விளம்பரத்தை வெட்டாதீர்கள்

தேதி தெரியாத கேசட்டுக்கு விளம்பரம்தான் சாட்சி. 'இந்த வெள்ளிக்கிழமை திரையரங்குகளில்' என்று ஒரு படத்தின் விளம்பரம் வந்தால் வாரமே கிடைத்துவிடும். நிலையத்தின் அழைப்பெழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டபிள்யூவில் தொடங்கினால் பெரும்பாலும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கு, கே என்றால் மேற்கு. கடைசியில் வரும் ரோமன் எண்ணை நிறுத்திப் படியுங்கள். ஆனால் அது தயாரித்த ஆண்டு, மறு ஒளிபரப்பில் மாறாது. தயாரித்த நாளும் ஒளிபரப்பிய நாளும் வேறு வேறாக இருக்கலாம்: மோட்டவுன் இசை நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு ஸ்பெஷலான 'மோட்டவுன் 25' மேடையில் நடந்தது 1983 மார்ச் 25, என்.பி.சி.யில் வந்தது மே 16.

காப்புரிமை இருக்கிற நிகழ்ச்சி என்பதால் காப்பியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுள்ள ஸ்பெஷல்களை வீடியோ தளங்களில் ஏற்றினால் தானாகவே தடைபடலாம். ஹஃப்ஒய்யுவி மூலக் கோப்பை எஃப்எஃப்வி1 என்ற கோடெக்குக்கு மாற்றி எம்கேவி கோப்பாக வைத்தால், தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். கோப்பின் பெயரில் ஒளிபரப்புத் தேதி, நெட்வொர்க், நிலையம், டேப் வேகம் நான்கையும் எழுதுங்கள். கேசட்டை நிமிர்த்தி, சுற்று முழுவதும் ஒரே பக்கம் இருக்கும்படி வைத்து, உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மூடுங்கள்.