நிகழ்வியலோடு கதை படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கம் ஆய்வேடு எழுதுகிற பிள்ளைகளும் இலக்கியக் கூட்டங்களில் கட்டுரை வாசிக்கிறவர்களும் நிகழ்வியலைப் பற்றி, அதாவது உலகம் நம் அனுபவத்தில் எப்படித் தென்படுகிறது என்று ஆராயும் தத்துவத்தைப் (phenomenology) பற்றி, ஹுஸெர்ல், ஹைடெக்கர், மெர்லோ-போந்தி என்று அதன் தத்துவவாதிகளின் பெயர் சொல்லிப் பேசுவதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பெரிய பெயர்கள் வந்த வேகத்தில் கதை காணாமல் போய்விடுகிறது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நிகழ்வியல் என்றாலே மனசுக்குள் நடப்பதைப் பேசுவது என்று எடுத்துக்கொள்வதுதான் பரவலான தவறு. மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே சொல்லும் நனவோடையில் எழுதிய கதை, ‘நான்’ என்று தொடங்கும் கதை என்றால் உடனே ‘நிகழ்வியல் கதை’ என்று முத்திரை விழுகிறது. பிரக்ஞை, அதாவது நனவு, எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிய பிரக்ஞை என்றுதான் ஹுஸெர்ல் திரும்பத் திரும்பச் சொன்னார். பயம் என்றால் எதையோ கண்டுதான் பயம். அந்த ‘எதையோ’ நமக்கு எப்படித் தென்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் இங்கே தாமிரபரணி ஆற்றைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவோம். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, இன்றைக்கு இத்தனை அடி, இத்தனை கன அடி திறப்பு என்பது ஒன்று. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயிலை வைத்து, ‘குறுக்குத்துறை கோயில் முங்கிட்டா?’ என்று கேட்பது இன்னொன்று. படித்துறை, கரையோரத் தெரு, வண்டியை எங்கே மேடேற்றி நிறுத்துவது, தனியாக இருக்கும் ஆச்சியை யார் போய்க் கூட்டி வருவது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கதையின் மொழி இந்த இரண்டாவது பேச்சிலிருந்துதான் வருகிறது. 1936-இல் வெளிவந்த எழுத்தில் ஹுஸெர்ல் ‘வாழ்வுலகம்’ என்று, அளப்பதற்கு முன்பே நாம் வாழ்ந்து அறிந்திருக்கும் உலகத்தைப் பேசியதும் இதையொட்டித்தான்.

உடனே ‘அறிவியல் பொய், அனுபவம்தான் மெய்’ என்று தாவிவிடக் கூடாது. ஹுஸெர்ல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அளவுகளை அவர் மறுக்கவில்லை. அவை நாம் வாழும் உலகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பது மறந்துபோனதுதான் அவருடைய கவலை.

அப்புறம், ‘அடைப்புக்குறிக்குள் வைப்பது’ என்று ஹுஸெர்ல் சொன்ன முறை. ஊர், சாதி, வரலாறு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கதையைப் படிக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபமே வருகிறது. நிறுத்தி வைக்க வேண்டியது, பொருளைப் பற்றி நாம் முன்பே முடிவு செய்து வைத்திருப்பதை. பொருள் அப்படியே கண் முன்னால் இருக்கும். டீக்கடைக் கூரையில் தனியாகச் செருகி வைத்த கிளாஸ் ஒரு கதையில் வருகிறது என்றால், அதை எடுக்கப் போகிற கைக்கு அந்தக் கிளாஸ் எப்படித் தெரிகிறதோ அதில்தான் சாதி இருக்கிறது. அதை ஒதுக்கினால் கதையில் மிச்சம் வெறும் கண்ணாடி.

கதையைத் தத்துவத்துக்கு உதாரணமாக்குவதும் சரியில்லை. தத்துவம் முன்னால் போக, கதை பின்னால் வரும் என்றும் கிடையாது. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ரின் ‘குமட்டல்’ நாவல் வந்தது 1938-இல், அவருடைய பெரிய தத்துவ நூல் வந்தது 1943-இல். மெர்லோ-போந்தி 1945-இல் தன் நூலின் முன்னுரையில், நிகழ்வியலின் உழைப்பு பால்சாக், ப்ரூஸ்ட் போன்ற படைப்பாளிகளின் உழைப்பைப் போன்றது என்றே எழுதினார்.

அதனால் புதுமைப்பித்தன் ஹுஸெர்லைப் படித்தாரா என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘செல்லம்மாள்’ கதையை எடுங்கள். சென்னையில் ஜவுளிக் கடை வேலை, நோயாளி மனைவி, தெற்கே ஊருக்குப் போகும் ஆசை. படர்க்கையில் சொல்லப்பட்ட கதை. தொடக்க வரியிலேயே செல்லம்மாளின் மூச்சு அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கதை பின்னால் போகிறது. ஊருக்குப் போகும் பேச்சு வரும்போது அது நடக்காது என்று நமக்குத் தெரியும், அவள் கணவர் பிரமநாயகம் பிள்ளைக்குத் தெரியாது. ஒரு ராகத்தைக் கேட்கும்போது போன ஸ்வரம் காதில் தங்க, வரப்போகும் ஸ்வரத்துக்கு மனம் முன்கூட்டியே நீள்கிறது என்பது ஹுஸெர்லின் கால விளக்கம். இந்தக் கதையிலோ வரப்போவது ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த விளக்கத்தைக் கதை அப்படியே ஒப்பிக்கவில்லை, சிக்கலாக்குகிறது. ஆய்வேட்டில் எழுத வேண்டியது அந்தச் சிக்கலை.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. அனுபவத்தை அப்படியே தருகிறேன் என்று விவரங்களைக் கொட்டிவிடுகிறார்கள். இலக்கியப் படைப்பில் தீர்மானிக்கப்படாத இடங்கள் இருந்தே தீரும், அவற்றை வாசகர் நிரப்பிக்கொள்கிறார் என்று ஹுஸெர்லின் மாணவர் ரோமன் இங்கார்டன் 1931-லேயே எழுதினார். பொங்கலுக்குச் சிறுகிழங்கு வாங்கி, சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் நீக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோல் போகாத குழியில் ஒட்டியிருக்கும் மண்ணை மருமகள் நகத்தால் சுரண்டுகிறாள், மாமியார் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு போதும். கிழங்கின் விலை, எடை, சாக்கின் நிறம் வேண்டுமென்றால் கதையே கேட்கும்.