நிதியுதவி மறுபரிசீலனைக் கடிதம்: பிள்ளையின் பெருமையை ஓரமாக வையுங்கள்

மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை முடிவுகளை ஒட்டி நிதியுதவிக் கடிதங்களும் வந்து சேரும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். இடைப்பட்ட வாரங்களில், நியூ ஜெர்சியில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெற்றோர்கள், கூடுதல் உதவி கேட்டுக் கல்லூரிக்கு எழுதிய கடிதங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். ஆண்டுதோறும் அதே பிழைகள். கெடு தேதியைத் தவறவிடுவது, கையெழுத்தை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பண விஷயத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைப் புகழ்வது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு தந்தை அனுப்பிய கடிதம் மூன்று பக்கம். மகள் எழுதிய ஏ.பி. தேர்வுகள், பரதநாட்டிய அரங்கேற்றம், கோயிலில் செய்த தொண்டு, சிறு வயதிலிருந்தே அந்தக் கல்லூரி மீது அவளுக்கிருந்த ஆசை. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: "அண்மையில் என் வேலையிலும் சில மாற்றங்கள் ஏற்பட்டுள்ளன." அந்த "சில மாற்றங்கள்" என்ன தெரியுமா? வேலையே போய்விட்டது! அதை எழுத மனம் வரவில்லை அவருக்கு. அவருடைய வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதத்தைப் படிக்கும் அலுவலருக்கு அது எப்படித் தெரியும்? உதவியில் மாற்றம் இல்லை என்று பதில் வந்தது.

அலுவலரின் மேசையில் இருப்பது பழைய கணக்கு. 2026-27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்ஸா (அமெரிக்க அரசின் நிதியுதவி விண்ணப்பப்) படிவம் 2024-ஆம் ஆண்டு வருமானத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற கூடுதல் படிவம் இன்னும் துருவித் துருவிக் கேட்கும் என்றாலும், குடும்பத்தில் நேற்று நடந்ததை நாம் சொன்னால்தான் அதற்கும் தெரியும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய சம்பளத்துக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுவதுதான் இந்தக் கடிதத்தின் வேலை. மகளின் திறமையைப் பார்த்துத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்; அதை மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் திறமைக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. அங்கே எல்லா உதவியும் தேவையைப் பொறுத்தது. திறமைக்குப் பணம் தரும் கல்லூரி என்றால், அந்தக் கோரிக்கை பெரும்பாலும் போக வேண்டிய இடம் சேர்க்கை அலுவலகம்.

அந்தத் தந்தையுடன் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். எண்களை மாற்றித் தருகிறேன், வடிவம் இதுதான்:

"விண்ணப்பத்தில் உள்ள 2024 வருமானம் 1,68,000 டாலர். 2025 நவம்பரில் நான் பணிநீக்கம் செய்யப்பட்டேன் (இணைப்பு 1). 2026-இல் என் மனைவியின் சம்பளம் 54,000 டாலரும் எனக்கு வரும் வேலையிழப்பு உதவித்தொகையும் மட்டுமே எங்கள் வருமானம் (இணைப்பு 2, 3). நாங்கள் கட்ட வேண்டிய 41,000 டாலரில் 19,000 வரை எங்களால் முடியும். மீதத்துக்கு கிராண்ட் தொகையை உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அரைப் பக்கம்கூட இல்லை. (கிராண்ட் என்றால் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி.) எவ்வளவு முடியும் என்ற எண் கட்டாயம் இருக்க வேண்டும். "கொஞ்சம் உதவுங்கள்" என்றால் அவர்கள் என்ன செய்ய முடியும்? வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் கொடுத்த தொகை, ஒரு முறை மட்டும் விற்ற பங்குகள், இவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். எப்படியும் வரிப் படிவத்தில் தெரியத்தான் போகிறது.

இரண்டாவது கடிதத்துக்குக் கொஞ்சம் உதவி கூடியது. ஆனால் அதற்குள் மே மாதம் பாதி கடந்து, அந்தக் கல்லூரி தன் நிதியில் பெரும்பகுதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. மிச்சத்துக்குப் பெற்றோர் பெயரில் கடன். அந்தப் பணிநீக்கக் கடிதம் முதல் நாளிலிருந்தே அவர் மேசை இழுப்பறையில் இருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

கேட்கக் கூசுவது

"கையேந்துவது போல இருக்கிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பிச்சையல்ல. ஒவ்வொரு குடும்பத்தின் தனி நிலையைப் பார்த்துக் கணக்கைத் திருத்தும் அதிகாரத்தை உயர்கல்விச் சட்டமே நிதியுதவி அலுவலருக்குக் கொடுத்திருக்கிறது. அலுவலகங்களில் இதைப் 'புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்' என்பார்கள். வேலையிழப்பு, காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு எல்லாம் அதில் வரும். இத்தகைய கோரிக்கைகள் அனைத்தையும் நிராகரிப்பது என்று ஒரு கல்லூரி விதி வைத்துக்கொள்ளவும் முடியாது. அதே சமயம், அவர்கள் முடிவே இறுதி. கல்வித் துறையிடம் போய் அதை மாற்ற முடியாது. அதனால்தான் முதல் கடிதத்திலேயே எல்லாத் தாள்களையும் இணைக்கச் சொல்கிறேன்.

கடனையும் உதவியாகக் கூட்டுவது

இரண்டு கல்லூரிகளின் கடிதங்களை ஒப்பிடும்போது அடியில் உள்ள மொத்தத்தைப் பார்க்காதீர்கள். முதலாண்டு மாணவருக்கான 5,500 டாலர் அரசுக் கடனும் அந்தக் கூட்டலில் இருக்கலாம். வளாகத்தில் வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய தொகையும் இருக்கும். மொத்தச் செலவிலிருந்து கிராண்ட், ஸ்காலர்ஷிப் இரண்டை மட்டும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் தலையில் விழும் சுமை.

ஊருக்கு அனுப்பும் பணத்தைச் சொல்லாமல் விடுவது

மதுரையில் இருக்கும் அம்மாவின் டயாலிசிஸ் செலவை மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஃபாஃப்ஸாவில் அதற்குக் கட்டம் இல்லை என்பதால் கடிதத்திலும் எழுதமாட்டார்கள். எழுதுங்கள். வங்கி ரசீதுகளையும் மருத்துவமனைப் பில்களையும் இணையுங்கள். எல்லாக் கல்லூரியும் ஏற்கும் என்று சொல்லமாட்டேன். சொல்லாததை எந்தக் கல்லூரியும் ஏற்காது. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் அதையும் எழுதுங்கள். 2024-25 முதல் மத்திய அரசின் சூத்திரம் அதைக் கணக்கில் கொள்வதில்லை.

ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கானது) உள்ள பிள்ளைக்கு அரசு உதவி கேட்பது

கிடைக்காது. கல்லூரியின் சொந்த நிதியைக் கேளுங்கள்.

வேறு கல்லூரி அதிக உதவி தருவதாகக் காட்ட, அதன் கடிதத்தில் எண்ணைத் திருத்தி அனுப்புவது

கிடைத்த இடமே பறிபோகலாம்.

பதில் வந்ததும் அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்காமல் விடுவது

கூட்டிக் கொடுத்த தொகை ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா? மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். ஓராண்டுக்குத்தான் என்றால், அடுத்த ஆண்டு ஃபாஃப்ஸாவை நிரப்பியவுடன் இதே தாள்களைப் புதுப்பித்து மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.