செப்பு ஊக்கி தாழும்போதே நிறமாலை எடுக்க

ஐதரசனால் ஒட்சிசனை அகற்றிச் செப்பை உலோகமாக்குவதே தாழ்த்தல். அப்படித் தாழ்த்தி முடித்த செப்பு ஊக்கியை (தாக்கத்தை வேகப்படுத்தும் பொருளை) வெளியே எடுத்து அளந்தால் பாதி திரும்ப ஒட்சியேறியிருக்கும். திருகோணமலைக் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். அதனால் வாயு ஓடிக்கொண்டிருக்கும் கலத்துக்குள் வைத்தே அளக்க வேண்டும்.

செப்பைச் சுமக்கும் தாங்கியாகத் தூய அலுமினா நல்லது. புல்மோட்டை மணல் பக்கத்தில்தானே கிடக்கிறது என்று அதிலுள்ள இல்மனைட்டு என்ற இரும்பு-தைத்தானியக் கனிமத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள இரும்பும் ஐதரசனை இழுக்கும், எது செப்பின் கணக்கு என்று பிரிக்க முடியாது.

எக்ஸ்-கதிர் உறிஞ்சலை அளக்க, வலிமையான எக்ஸ்-கதிர் தரும் சிங்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கி வேண்டும். கிட்டத்தில் என்றால் இந்தியாவில், இந்தூரிலுள்ள இண்டஸ்-2. அங்கே நேரம் கிடைக்கும்வரை, சூடாக்கும் கலம் பொருத்திய புறஊதா-கட்புலக் கருவியில் பழகிக்கொள்ளலாம்: ஈரிணைதிறன் செப்பின் (Cu²⁺) 700-800 நனோமீற்றர் அகலப் பட்டை தேய்ந்து, உலோகத் துகள்களுக்குரிய பட்டை 570 அருகே எழும்.

ஆகனில் 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி ஈரத்தை விரட்டி, ஆறியதும் தொடக்க நிறமாலையை எடுங்கள். அப்புறம் ஆகனில் 5 சதவீத ஐதரசனை ஓடவிட்டு, வெப்பநிலையை நிமிடத்துக்கு 5 பாகை ஏற்றுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு நிறமாலைக்குப் பத்து நிமிடம் பிடித்தால் அதற்குள் 50 பாகை ஏறிவிடும், நிறமாலையின் தலை ஒரு நிலையிலும் வால் வேறொரு நிலையிலும் இருக்கும், அதை வைத்து என்ன சொன்னாலும் நம்ப முடியாது. வேகமாக அளக்க முடியாவிட்டால் ஏற்றத்தைக் குறையுங்கள். கலத்தின் திரை காட்டும் வெப்பநிலையையும் அப்படியே எடுக்க வேண்டாம், மாதிரியின் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். வெளியேறும் வாயுவைத் திணிவு நிறமாலைமானியில் விட்டு, நீருக்குரிய 18 என்ற திணிவையும் கூடவே பாருங்கள், தாழ்த்தல் நடக்கும்போது நீர் வெளிவரும்.

எல்லா நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். அவை ஒரே புள்ளிகளில் வெட்டிக்கொண்டால் இரண்டு நிலைகள்தான் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். வெட்டும் புள்ளி நகர்ந்தால் இடையில் ஓரிணைதிறன் செப்பு (Cu⁺) வந்து போகிறதா என்று சந்தேகப்படுங்கள். எக்ஸ்-கதிரில் அதன் அடையாளம் 8983 இலத்திரன் வோல்ற்று அருகே வரும் தோள், அதாவது வளைகோட்டில் ஒரு சிறு மேடு. உலோகச் செப்பின் விளிம்பு, அதாவது உறிஞ்சல் திடீரென ஏறும் இடம், 8979இல். ஆனால் உலோகத்துக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு தோள் உண்டு, ஆகவே செப்புத் தகட்டையும் இரண்டு ஒட்சைட்டுகளையும் அதே கருவியில் அளந்து வைத்தே ஒப்பிடுங்கள்.

துகளின் அளவு வேண்டுமென்றால் சூட்டில் எடுத்த தரவை நம்பாதீர்கள். அணுக்களின் அதிர்வு, எக்ஸ்-கதிர் நிறமாலையில் விளிம்புக்கு அப்பால் வரும் அலைகளைத் தணித்துவிடும், அவற்றிலிருந்து கணிக்கும் அயல் அணு எண்ணிக்கை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியக்கூடும், துகளும் சிறிதாகத் தோன்றும். ஐதரசனை நிறுத்தாமல் அறை வெப்பநிலைக்குக் குளிரவிட்டு, அதே கலத்தில் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.